மஞ்சள் மூலைத் தவளை

எங்கள் பிளாக்கில் எட்டு வீடுகள், பதினோரு குழந்தைகள். எல்லோரிலும் சிறியவள் என் மகள். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அவளுக்கு ஆறு வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கண்ணாமூச்சியானாலும் ஓடிப்பிடிப்பதானாலும் அவளையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் உப்புக்குச் சப்பாணியாக. அவள் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டால் அவுட் கிடையாது, ஜெயித்தால் கணக்கில் வராது. பெரிய பிள்ளைகள் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். அவளுக்கு அது இரக்கமாகப் படவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள்.

"என்னை யாருமே அவுட் ஆக்க மாட்டேங்கறாங்கப்பா."

அந்த நவம்பரில் கல்பாக்கத்தில் நல்ல மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் எனக்கும் வார ஓய்வு. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மதியம் பிளாக்கின் பிள்ளைகள் நான்கு பேர் எங்கள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைவி மேல் வீட்டுப் பெண். பதினோரு வயது. அம்மாவின் ஊரான சதுரங்கப்பட்டினத்துப் பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது. எந்த ஆட்டம், யார் உள்ளே, யார் வெளியே என்பதெல்லாம் அவள் தீர்ப்பு.

"அங்கிள், போர் அடிக்கீது. எதுனா செஞ்சு குடுங்க."

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இருந்ததுபோல என்னிடமும் அலுவலகத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் தாள் கட்டாக இருந்தது. ஒருபக்கம் அச்சானது, ஓரங்களில் வரிசையாகத் துளை. அதில் கப்பல் செய்து படிக்கட்டடியில் தேங்கிய நீரில் விட்டோம். ஆறு கப்பல்களும் கால் மணி நேரத்தில் ஊறி மூழ்கின. அடுத்தது தவளை என்றேன். அந்தத் தாளில் செய்த முதல் தவளை துவண்டு படுத்துவிட்டது. தவளைக்கு அட்டை வேண்டும்.

வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை ஆண்டுவாரியாக அடுக்கி அலமாரியில் வைத்திருந்தேன். பழைய அடுக்கிலிருந்து மூன்றை எடுத்தேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பிள்ளையார் படத்தைத் தனியா வெட்டி எடுத்துடுங்க. சாமியையும் மடிச்சுத் தவளை ஆக்கிடாதீங்க."

படங்களை வெட்டிப் பூஜை மாடத்தில் வைத்தேன். மீதியில் ஐந்து அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு துண்டுகள் நறுக்கினேன். ஒன்றின் மூலையில் பத்திரிகைக்கு வைத்த மஞ்சள் கறையாக ஒட்டியிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. என் மகளுக்கு அதுதான் மிஞ்சியது.

வேலை எளிது. அட்டையின் மேல் பாதியில் பெருக்கல் குறி போல இரண்டு மடிப்பு. குறியின் நடுவே குறுக்காக, பின்பக்கம் ஒரு மடிப்பு. விரித்து, இரு ஓரங்களையும் உள்ளே தள்ளினால் மேல் பாதி தானாக முக்கோணமாகப் படியும். அது தலை. முக்கோணத்தின் இரு முனைகளை மேலே தூக்கி மடித்தால் முன்னங்கால்கள். உடலின் ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் அடிப்பகுதியை மேலே மடித்து, அதில் பாதியைத் திரும்பக் கீழே மடித்தால் பின்னங்கால்கள். பின்விளிம்பை விரலால் அழுத்தி நழுவவிட்டால் தவளை தாவும்.

நான் வரைபடப் பிரிவில் வேலை செய்பவன். மேசையளவு வரைபடத்தைத் தலைப்பு வெளியே தெரியும்படி கோப்பின் அளவுக்கு மடிப்பது எங்களுக்கு அன்றாட வேலை. மடிப்பு கத்திபோல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு உப்பும். அதே வழக்கத்தில், "ஒவ்வொரு மடிப்பையும் ஸ்டீல் ஸ்கேலால் அழுத்தித் தேய்க்கணும்" என்றேன். ஸ்கேல் கைக்குக் கை போனது. என் மகள் கை நீட்டியபோது மேல் வீட்டுப் பெண் தரவில்லை.

"உனுக்கு இன்னாத்துக்கு ஸ்கேலு? உன்னுது கணக்குலயே வராது. கையால மடி."

சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டேன். அங்கிருந்து சமையலறை வாசற்படி ஆறடி. அதை முதலில் தொடும் தவளைக்கு வெற்றி. என் தவளை முதலில். அழுத்தினேன். ஓர் அங்குலம் நகர்ந்தது. மீண்டும் அழுத்தினேன். அரை அங்குலம்.

"இன்னா அங்கிள், உங்க தவள பட்து தூங்கிகினு கீது?"

சிரித்தவர்களின் தவளைகளும் அப்படியே தூங்கின. ஐந்தும் வரிசையாக, தட்டையாக, மிக ஒழுங்காகக் கிடந்தன.

"நானும் விடட்டுமா?" என்றாள் மகள்.

"வுடு. ஆனா கணக்கு கெடையாது."

மஞ்சள் மூலைத் தவளை எழும்பிக் குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. அளந்தேன். ஒன்றே கால் அடி.

"காத்துல பறந்துச்சு!" என்றான் ஒரு பையன்.

"கரண்டே இல்ல, ஃபேனா சுத்துது? ஜன்னல் கூட சாத்தியிருக்கு!" என் மகள் யாரிடமும் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். இந்த முறை முக்கால் அடி.

மேல் வீட்டுப் பெண் அந்தத் தவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"ஆட்டம் மொதல்லேர்ந்து. இவளும் உண்டு."

"கணக்குலயா?"

"கணக்குலதான்."

என் மகளின் தவளையையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. அவளுடைய கடைசி மடிப்பு பாதி திறந்து, வில்போல நின்றது. எங்களுடையதில் ஸ்கேல் அந்த வில்லைக் கொன்றிருந்தது. சொல்லாமல் இருந்தால் என் மகள் நிச்சயம் ஜெயிப்பாள். அப்படி ஜெயித்தால் அது இன்னொரு உப்புக்குச் சப்பாணி ஆட்டம்தான்.

"தப்பு என்னுது. கடைசி மடிப்பைத் தேய்க்கக் கூடாது" என்று சொல்லி, இன்னும் இரண்டு பத்திரிகைகளை வெட்டினேன். எல்லோரும் புதிதாக மடித்தார்கள். என் மகள் மட்டும் பழையதையே வைத்துக்கொண்டாள்.

இப்போது எல்லாத் தவளைகளும் தாவின. ஆளுக்கொரு தாவலாக முறை வந்தது. நான் அளவுக்காரனாக ஒதுங்கிக்கொண்டேன். நான்காவது தாவல் முடிந்தபோது மேல் வீட்டுப் பெண் ஒரு சாண் முன்னால். ஐந்தாவதில் அவள் தவளை பக்கவாட்டில் பாய்ந்து நாற்காலிக்கடியில் போனது. ஏழாவதில் மஞ்சள் மூலை வாசற்படியில் மோதி நின்றது. அடுத்து வந்த தவளைக்கு இன்னும் எட்டு அங்குலம் பாக்கி.

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த மனைவிதான் முதலில் கைதட்டினாள். என் மகள் தவளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தை மூன்று சுற்று ஓடினாள்.

"சின்னதுன்னு வுட்டோம் பாரு, ஏமாந்துட்டோம்" என்றாள் மேல் வீட்டுப் பெண். சொன்ன கையோடு, தன்னுடையதன் பின்னங்காலை இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மழை விட்டது. மாலையில் நான் பால்கனியில் குடைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கீழே கண்ணாமூச்சி. படிக்கட்டடியில் ஒளிந்திருந்த என் மகளை முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளாக் முழுக்கக் கேட்கும்படி அவள் குரல் எழுந்தது.

"அப்பா! நான் அவுட்! நான்தான் அவுட்!"

சுவரில் முகத்தைப் புதைத்து இருபது வரை எண்ணத் தொடங்கினாள். பதின்மூன்றை விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.