நல்லம்மாள் பிடித்துக் கொடுத்த போத்தல்

நல்லம்மாள் பைப்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் முப்பது வாளிகளும் அவற்றுக்கு உரியவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். அவர் கேட்கும்போது யாரும் பேசக் கூடாது. உள்ளே காற்று இரைவது தெரிந்ததும் நிமிர்ந்து, "கெளம்பிட்டான்லா, இன்னும் ரெண்டு நிமிசம்" என்று அறிவிக்கிறார். சொன்னபடியே பைப்பு ஒரு முறை இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்புகிறது.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய செம்பனைத் தோட்டம் அது. இந்த எண்பத்தேழாம் வருடத்திலும் கீழ் லயத்து முப்பது தொழிலாளர் வீடுகளுக்கு இந்த ஒரே பைப்புதான். காலையில் ஒரு மணி நேரம் வரும், மாலையில் அரை மணி நேரம். நல்லம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் களைக்கு மருந்தடிக்கிறார். கைலிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். தண்ணீர் வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. லயத்திலேயே உரக்கக் கத்தத் தெரிந்தவர் என்பதால் தானாக வந்து சேர்ந்த பதவி.

நெளிவைப் பார்த்தே எந்த வாளி யாருடையது என்று சொல்லிவிடுவார். "இது தங்கமணியோடது. புருசன் மேல எறிஞ்சா, அவரு வெலகிட்டாரு, செவுத்துல பட்டுச்சு. அந்தக் கைப்பிடி போனது பாலன் வாளி, வாங்குறேன் வாங்குறேன்னு ரெண்டு தீவாளி போயிருச்சு." தன் வாளியை மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில் வைப்பார். அதன் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுபோகும் நாட்களும் உண்டு. அப்போது பைப்பைப் பார்த்து, "இரு, ஒன்ன நாளைக்குக் கவனிச்சுக்கிறேன்" என்று மிரட்டிவிட்டு வேலைக்குப் போவார். அக்கம்பக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள்.

போன மாதம் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆறு மாணவர்கள் வந்தார்கள். நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, ஏன் என்று படிப்பதற்காகவே விமானம் ஏறி வந்தவர்கள். சுங்கை வேயிலிருந்து கிள்ளான் வரை ஒன்பது இடங்களில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பது அவர்கள் திட்டம். மொழிபெயர்க்க நான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பத்திரிகை படிக்கப் போய்விடுகிற ஆள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்ட நிர்வாகம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. சோதனையில் தண்ணீர் மோசம் என்று வந்தால் கீழ் லயத்துக்குப் புதுக் குழாய் போடுவார்கள். நல்லம்மாளின் பேத்தி வயிற்றுப்போக்கில் இந்த வருடம் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தக் குழாய் யாரையும்விட நல்லம்மாளுக்குத்தான் வேண்டியிருந்தது.

ஜூடித் என்ற மாணவி ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, மறுநாள் காலையில் வரும் முதல் தண்ணீரை அப்படியே பிடித்து வைக்கும்படி கேட்டாள். நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். "அதுக்கென்னா மிஸ்ஸி, ஜம்முன்னு புடிச்சு வைக்கிறேன்" என்றார் நல்லம்மாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தெளிந்த தண்ணீர். நான் மூன்று தம்ளர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன்.

பத்து நாள் கழித்து முடிவைச் சொல்லப் போனோம். மாலைத் தண்ணீர் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. லயமே கூடியிருந்தது. ஒன்பது இடங்களிலேயே மிகச் சுத்தமான தண்ணீர் கீழ் லயத்துத் தண்ணீர்தான் என்று ஜூடித் படித்தாள். அவளுக்கே அது புரியவில்லை. தோட்ட ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சண்முகரத்தினத்துக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது.

"பாத்தீங்களா? கிள்ளான் டவுன் தண்ணியவிட நம்ம தண்ணி நல்ல தண்ணி! இனிமே பைப்பு, கம்ப்ளெய்ன்ட்னு யாரும் ஆபீஸ் பக்கம் வரக் கூடாது." பைலை மூடிக் கட்டினார்.

"எந்தத் தண்ணி? தேத்தண்ணி கலர்ல வருதே, அதுவா?" என்றாள் தங்கமணி.

நல்லம்மாள் தலைத்துண்டை உருவிக் கையில் முறுக்கினார். லயத்துக்கே கேட்கக் கத்துகிறவரின் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நாந்தான் சார். ஒரே மண்ணா வந்துச்சு. படிகாரம் போட்டுத் தெளிய வச்சேன். வேட்டித் துணியில ரெண்டு தடவ வடிகட்டி, கொதிக்க வச்சு, ஆறுனதும் ஊத்துனேன்."

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"பெரிய படிப்பு படிக்கிற புள்ளைங்க, பிளேன் ஏறி நம்மளத் தேடி வந்திருக்குதுங்க. அதுங்க கையில போய் அழுக்குத் தண்ணியக் குடுப்பாங்களா சார்?"

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் மற்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜூடித் சிரிக்கவில்லை. "அன்றைக்கு நாங்கள் குடித்தது?" என்று கேட்டாள். அதுவும் அப்படித் தெளியவைத்ததுதான் என்றார் நல்லம்மாள். அந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரை நாங்கள் உட்கார்ந்து குடித்துத் தீர்த்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி சோதிக்க வேண்டும் என்றாள் ஜூடித். கிராணி யோசித்தார். "சரி. என் கண்ணு முன்னால புடிக்கட்டும், நானே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

புதுப் போத்தலை வாங்கிக்கொண்ட நல்லம்மாள் நேராகப் போய் நின்ற இடம் வரிசையின் கடைசி.

"அக்கா, இன்னைக்கு நீதான் முன்னால! மொதத் தண்ணிதான் வேணுமாம்லா!" என்று தங்கமணி பிடித்து இழுத்தாள். முப்பது வாளிகளையும் தாண்டி வர அவருக்குக் கூச்சம். வந்து, வழக்கம்போலக் காதை வைத்துக் கேட்டார். இந்த முறை எதுவும் அறிவிக்கவில்லை.

பைப்பு இருமியது. அவருடைய இடக்கை தானாகவே துண்டை எடுத்துப் போத்தல் வாயில் விரித்தது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மண்ணும் துருவுமாகத் தண்ணீர் போத்தலில் இறங்கியது. நிறையும் வரை அவர் அதைப் பார்க்கவே இல்லை, கிராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியை இறுக்கித் திருகினார். பிறகு தோள் துண்டை எடுத்து, போத்தலின் வெளிப்புறத்தை அடியிலிருந்து கழுத்து வரை, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் பளபளக்கும்படி துடைத்து, இரண்டு கைகளாலும் ஜூடித்திடம் நீட்டினார்.