பகலில் செத்துக் கிடந்த பெட்டி

எதிர் வீட்டு மோரீன் டாசனுக்கு எழுபத்து நான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இந்த கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் கூடத்தில், பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்து மீன் வகிர்ந்தே போனது. நெஞ்சு கெட்டதும் அங்கேதான். போன ஜனவரியில் நிமோனியா என்று பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு தடவை வீடு குளிர்ந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதை, பஸ் வரும் நேரம் சொல்வதுபோல என்னிடம் வந்து சொன்னார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய எனக்கே அந்தத் தொனி வராது.

எங்கள் கட்டடத்தில் காஸ் கிடையாது, எல்லாம் கரண்ட்தான். நடு ராத்திரி தாண்டி ஏழு மணி நேரம் கரண்ட் மலிவு. அப்போது மட்டும் ஹீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூடேறி, பகல் முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இரண்டு ஃபியூஸ் பெட்டி. விளக்கு, கெட்டில் எல்லாவற்றுக்கும் ஒன்று, ஹீட்டருக்கு மட்டும் ஒன்று.

ஜூன் மாதம் வீட்டுவசதிச் சங்கத்துக்குப் பெட்டிகளை மாற்ற ஞானம் வந்தது. ஒரு அதிகாரி வந்தார், காலை பதினொரு மணிக்கு. டெஸ்டரை வைத்துப் பார்த்தார். இரண்டாவது பெட்டியில் கரண்ட் இல்லை. பழைய பெட்டி, உபயோகத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். 'அ' என்றால் ஒரே மெயின் சுவிட்ச் வைத்த சின்னப் பெட்டி. 'ஆ' என்றால் பகலுக்குப் பாதி, ராத்திரிக்குப் பாதி என்று இரண்டு மெயின் சுவிட்ச் வைத்த நீளப் பெட்டி. இந்தக் கட்டடத்துக்கு 'அ' போதும் என்றார்.

மோரீன் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தபடி சொன்னார். "பகல்ல அது செத்துதான் கிடக்கும். ராத்திரி பன்னெண்டரைக்கு மேலதான் உயிர் வரும்."

"டெஸ்டர் பொய் சொல்லாதுங்க, மேடம்."

"அது பொய் சொல்லல. நேரங்கெட்ட நேரத்துல வந்தது நீங்கதான்."

அதிகாரி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் 'அ' போட்டேன். நீளப் பெட்டி வைத்தால் அலமாரியில் என் வாக்குவம் கிளீனர் நிற்காது. ஹீட்டர் ஒயரை எப்படியும் எங்காவது சேர்த்துவிடுவார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். மோரீன் மூன்று நாளாக வந்து 'ஆ' போடச் சொல்லி நச்சரித்தார். என் வாக்குவம் கிளீனர் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். சரி என்றார். சங்க ஆபீசுக்குத்தான் போகிறேன், உன் படிவத்தையும் கொடு என்றார். கொடுத்தேன். நான் ஒரு மடையன்.

ஆகஸ்டில் ஆட்கள் வந்து எனக்கு நீளப் பெட்டியை மாட்டினார்கள். படிவத்தைக் காட்டச் சொன்னேன். என் 'அ' அடிக்கப்பட்டு, பச்சை மையில் 'ஆ' போட்டிருந்தது. கட்டடத்திலேயே பச்சைப் பேனா வைத்திருப்பவர் ஒரே ஆள்தான். எதிர்க் கதவைப் போய்த் தட்டினேன்.

"ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்குவம் கிளீனர். தினமும் காலையில் அதில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, மோரீனைத் திட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

அக்டோபர் மூன்றாவது வாரம் கடலிலிருந்து குளிர் வந்தது. 'அ' போட்ட இருபத்திரண்டு வீடுகளிலும் ஹீட்டர் ஐஸாகக் கிடந்தது. உபயோகத்தில் இல்லை என்று எழுதியிருந்த ஒயரை ஆட்கள் எதிலும் சேர்க்காமலே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜனங்கள் வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சங்கம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. சரிசெய்ய டிசம்பர் ஆகும் என்று அதிலேயே போட்டிருந்தது.

கடிதம் வந்த அன்று காலை என் ஹீட்டர்மேல் கையை வைத்தேன். கதகதவென்று இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீன் வறுவல் கடைக்குப் போய், மீன் இல்லாமல் உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் இரண்டு பொட்டலம் வாங்கினேன். மோரீன் மீனைத் தொடமாட்டார்.

கதவைத் திறந்ததும் பொட்டலத்தை நீட்டினேன். "தப்பு என்மேலதான், மோரீன். எனக்கு நல்லது பண்ணப் போயி நீங்க பேச்சு வாங்கினீங்க."

"உனக்குன்னு யாரு சொன்னா?" ஒரு துண்டு எடுத்துக் கடித்துக்கொண்டார். "என் ஹீட்டர் என்னைக்காவது கெட்டுப்போனா நான் எங்க போயி உக்கார்றது, டெரெக்? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு மாடி ஏறி எறங்க முடியுமா? இந்த மாடியில, எனக்கு நடந்து போற தூரத்துல இருக்கறது உன் வீடு ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்து வாக்குவம் கிளீனரைக் குளியலறைக்குத் தள்ளினேன். ஹீட்டர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்தேன்.