தூறலுக்கு ஒரு சொல்

நாற்றுப் பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினார், ஓர் எழுத்துப் பிழையை அழிக்கத்தான். அவர் பாடுபட்டு எழுதியிருந்த தண்ணீர் விதி முழுவதும் திரையிலிருந்து காணாமல் போனது. "ஐயோ, மரத்தையே சாச்சிட்டேன்லா!" என்று அவர் கத்தியதும் ரெம்பாவ் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்து ஆபீஸே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் இப்படியென்றால் இந்த எடிட்டரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த எடிட்டரை உருவாக்கியவர் எங்கள் குழுத் தலைவி. சிரம்பான் ஆபீசில் எல்லோருக்கும் அவர் அக்கா. நாற்றுகளுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதை மண்டோரே தமிழில் எழுத வேண்டும், பம்பு அதன்படி ஓட வேண்டும். அதற்கென்றே ஒரு சிறிய நிரல்மொழி. வழக்கமான எடிட்டரில் நாம் எழுத்துகளைத் தட்டுகிறோம். கணினி பிறகு படித்துப் பொருள் காண்கிறது. அக்காவின் எடிட்டர் விதியின் அமைப்பையே வைத்திருக்கும். திரையில் தெரியும் வாக்கியம் அதன் ஒரு தோற்றம். அதே விதியை மேனேஜர் மலாயில், அட்டவணையாகப் பார்க்கலாம். அழகான யோசனைதான். ஆனால் அமைப்பில் ஒரு கிளையை அழித்தால் அதில் தொங்குவதெல்லாம் போய்விடும்.

திரும்பும்போது அக்காவை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மம்பாவில் தன் வீட்டு வாசலில் இறங்கியபின் சொன்னார்: "அவரு கை தப்பு பண்ணலைடா. நாமதான் அந்தக் கையப் பாக்காம செஞ்சிட்டோம்."

அந்த வாரம் எடிட்டரைத் திருத்தினார். எழுத்துப் பிழையை இப்போது எழுத்தாகவே அழிக்கலாம். பெரிதாக ஏதாவது போகப்போகிறது என்றால் அது முதலில் மஞ்சளாகும். மறுபடி தட்டினால்தான் போகும்.

அடுத்த வாரம் மண்டோர் பயந்து பயந்து தட்டினார். மஞ்சள் வந்தது. "ஓ, இப்ப சொல்லிட்டு அழிக்குது!" என்றவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "மழைன்னா பம்ப நிறுத்துன்னு இருக்கு. தூறலுக்கு என்னா செய்ய? இலைதான் நனையும், நாத்துப் பையில மண்ணு காஞ்சே கெடக்கும்."

எங்கள் மொழியில் மழை இருந்தது, தூறல் இல்லை.

"பாதித் தண்ணி விடலாமா அண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"பாதி போதும்லா."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அந்தச் சொல்லை மொழியில் சேர்த்தார். பழைய விதிகளில் ஒன்றுகூடக் கலையவில்லை. மண்டோர் 'தூ' என்று தட்டியதும் சொல் வந்து நின்றது. மேனேஜரின் அட்டவணையில் தூறலுக்கு மலாயில் 'கெரிமிஸ்' என்று புது வரி முளைத்தது. "போலே லா" என்றார் மேனேஜர். சரி, வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அக்கா இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். மொழியை நான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, இன்னொரு சொல்லு வேணும்" என்று மண்டோர் போன் செய்யும்போதெல்லாம் தூறலைச் சேர்த்த அன்று காரில் திரும்பியது நினைவுக்கு வரும். அக்கா பாடிக்கொண்டே வந்தார். சுருதி துளியும் சேரவில்லை. அவர் வீடு வந்தபோது பாட்டு முடிந்திருக்கவில்லை. நான் வண்டியை நிறுத்தாமல் இன்னொரு சுற்றுப் போனேன்.