முதுகு காட்டி நின்றவள்

செலீன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது போன நவம்பர் இரண்டாம் திகதி, பட்டப்பகலில், அவர்கள் புலம்பெயர்ந்து வாழ்கிற ரூஜில், அவளுடைய வீட்டிலேயே நடந்தது.

பழைய படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றுவது செலீனின் வேலை. அன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது ரோசால்பா மேயோ எடுத்த படம். நூறு வருடங்களுக்கு முன்னம், சினிமா என்றால் என்னவென்று ஆண்களே தட்டுத்தடுமாறிய காலத்தில், இத்தாலியில் படம் இயக்கிய மனுசி. கடல் கடந்து போன பிள்ளைகளுக்குத் தாய்மார் சேதி சொல்வதைப் படம்பிடித்து அனுப்புவாளாம்; சிலதில் தானும் வந்து நிற்பாளாம். சத்தம் கிடையாது. உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செலீனின் தாய் திரேசம்மாவுக்கும் அதே பாடுதான். கடைசிப் போரில் முள்ளிவாய்க்காலில் விழுந்த செல் குண்டு அவள் காதைச் செவிடாக்கியது. அதே நாளில் மகன் லெஸ்லியும் காணாமல் போனான். அவன் வந்தால் குளிருமே என்று கதவோரம் ஒரு ஜக்கெற் தொங்குகிறது, பாவம். செத்தவர்களுக்காக வைக்கிற ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்க அவள் விட்டதே இல்லை. அன்றும் அதில்தான் சண்டை.

பிற்பகல் மூன்று பதினேழு. திரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"உவ ஆர் பிள்ளை? தமிழ் கதைக்கிறா."

செலீன் திரும்பினாள். திரையில் ரோசால்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அவ மற்றப் பக்கம் பாக்கிறா."

"சும்மா இரு. கதைக்க விடு."

கிர்ர்... கிர்ர்... கமராவைச் சுற்றும் சத்தம். சத்தமே இல்லாத படத்தில்!

செலீன் பதறிப்போய் நிறுத்தினாள். படம் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

கிர்ர்...

"லெஸ்லியை... நீலச் சாரத்தாலை மூடினவையாம்..." திரேசம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "குளிரேல்லையாம்..."

மூன்று பத்தொன்பது. சத்தம் அடங்கியது.

திரேசம்மா எழுந்துபோய் ஜக்கெற்றைக் கழற்றி மடித்தாள்.

"பேரைக் குடு பிள்ளை."

மாலைப் பூசையில் பெயரை வாசித்தார்கள். முடிந்ததும், அந்தப் பெயரைக் கேட்ட ஒருவன் வாசலில் மறித்தான். நகரத்தின் மற்றத் தொங்கலில், ரெக்ஸ்டேலில் இருக்கிற யூட்சனாம். முன்பின் தெரியாத ஆள்.

"லெஸ்லியின்ர ஆக்களோ? பங்கருக்குள்ளை நானும் அவனும்தான் கடைசியா இருந்தனாங்கள். அவனை மண்ணுக்குள்ளை தாட்டதும் நான்தான். இத்தனை வருசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை..."

செலீனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதாலை மூடினனீங்கள்?"

அவன் குனிந்து அழுதான்.

"என்னட்டை வேறை ஒண்டும் இருக்கேல்லை அக்கா. இடுப்பிலை உடுத்திருந்த சாரம்தான்... நீலம்."