இன்டர்ன்ஷிப் பொறுப்பாளரும் ஒரு கோழிப் பண்ணையும்

கல்லூரியில் இன்டர்ன்ஷிப் பொறுப்பு என்பது கல்யாணத் தரகு மாதிரிதான். இரண்டு பக்கமும் பேசிப் பேசி நமக்கு வாய் வலிக்கும், காரியம் நடந்துவிட்டால் பந்தியில் நம்மை யாரும் தேட மாட்டார்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறேன். வகுப்பும் பேப்பர் திருத்தலும் போதாதென்று, பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிப் பயிற்சியும் தன்னார்வ வேலையும் தேடிக் கொடுக்கும் பொறுப்பையும் முதல்வர் என் தலையில் கட்டினார். "ஸ்டெல்லா மேடம் சேலத்துக்காரங்க, நாலு பேரைத் தெரியும்" என்பதுதான் என் தகுதி. அந்த நாலு பேரில் இரண்டு பேர் என் மைத்துனர்கள். உங்கள் கல்லூரியிலும் இப்படி ஒருவர் மாட்டியிருப்பார். அது நீங்களாகவே இருந்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. பவித்ரா என்ற ஒரே ஒரு பெண்ணை ஆய்வகத்துக்குள் அனுப்புவதற்குள் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு உங்கள் பாட்டைச் சொல்லுங்கள்.

தீராத ஆர்வம்

நம் பிள்ளைகள் விஞ்ஞானிகளுக்கு மெயில் போடும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? எப்போதோ ஒரு சீனியர் போட்ட மெயில், பரம்பரை நிலம் மாதிரி கைமாறி வந்துகொண்டே இருக்கும். மேலே பெயரை மட்டும் மாற்றுவார்கள். சில மகராசன்கள் அதையும் மாற்ற மாட்டார்கள். "சின்ன வயதிலிருந்தே தங்கள் ஆராய்ச்சியில் எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அந்த விஞ்ஞானிக்கே வயது முப்பதைத் தாண்டியிருக்காது.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்த பவித்ராவும் அதே மெயிலோடுதான் வந்து நின்றாள். சேந்தமங்கலத்தை ஒட்டி, கொல்லிமலை அடிவாரத்தில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. அப்பா அம்மாதான் முதலாளி, அவர்களேதான் வேலையாள். "ஆர்வமெல்லாம் கிடக்கட்டும் தாயே, உனக்கு எதுக்கு லேப்?" என்று எரிந்து விழுந்தேன். "போன வருசம் எங்க ஷெட்டுல ஒரே வாரத்துல பாதிக் கோழி செத்துப்போச்சுங்க மேடம். எதனாலன்னு ஒருத்தரும் சொல்லல. எங்கப்பா குழி வெட்டி வெட்டிப் போட்டாரு. அது என்னன்னு எனக்குத் தெரியோணுமுங்க" என்றாள். இதையே இங்கிலீஷில் எழுது, தப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார வைத்தேன்.

ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் பிஎச்.டி.க்கு வழி உண்டு. இல்லாவிட்டால் சொந்தக்காரர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அந்த வேலையில் அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. போட்ட மெயிலுக்கெல்லாம் பதில் இல்லாமல் அவள் முகம் தொங்கிக் கிடந்தபோது, பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பறவை நோய் ஆய்வகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியவர் ஒரு பெண் விஞ்ஞானி, தஞ்சாவூர்க்காரர். அவர் சொன்னது: "எல்லாரும் என்னைப் புகழ்ந்து எழுதியிருக்காங்க மேடம், இந்தப் பொண்ணு ஒருத்திதான் கோழியைப் பத்தி எழுதியிருக்கா. ஜனங்களோட பழகி வேலை செஞ்ச அனுபவம் ஏதாவது இருந்தா அனுப்பச் சொல்லுங்க, கூப்பிடறேன்."

டீவியில் குரைத்த நாய்

அனுபவத்துக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர், சேலம் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டார். பவித்ராவையும் கூட நாலைந்து பையன்களையும் தன்னார்வலர்களாக அழைத்துப் போனேன். பையன்கள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, முகாம் பேனர் முன்னால் நின்று படமெல்லாம் எடுத்து முடித்தார்கள். முதல் நாய் வந்தது. அவ்வளவுதான், அத்தனை பேரும் வேன் மேலே. பவித்ரா துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள், குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டது நாய்க்கே தெரியவில்லை. மருத்துவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இவளுக்கு நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

ஆனால் அதற்கப்புறம் நாயே வரவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு போக வேன் வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தறிக்காரர்கள் எல்லாரும் நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பவித்ரா வீடு வீடாகப் போய், ஊசி மட்டும்தானுங்க, பிடிச்சுட்டுப் போக மாட்டோம்ங்க என்று பேசிப் பேசியே ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தாள். ஒரே ஒரு வீட்டில்தான் அவள் ஜம்பம் பலிக்கவில்லை. கரண்ட் போய் அந்தத் தெருவே தறிச் சத்தமில்லாமல் கிடந்த நேரம். எங்க ஊட்டுல நாயே இல்லை என்று அந்த அம்மா சத்தியம் செய்கிறார், உள்ளேயிருந்து லொள் லொள் என்று காது கிழிகிறது. பவித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே கையைக் காட்டினாள். அந்த அம்மா முகம் மாறாமல் சொன்னார்: "அது டீவில குரைக்குது சாமி."

வெறுங்கையோடு போகாதவர்

மருத்துவரின் கடிதம் போனது, வீடியோவில் நேர்முகமும் முடிந்தது, பவித்ராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. டிபார்ட்மென்டே கேக் வெட்டியது. ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களை உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கட்டிக் கொடுப்பதானாலும் சரி, படிக்க அனுப்புவதானாலும் சரி, நேரில் போய் இடத்தைப் பார்த்து நாலு பேரிடம் விசாரிக்காமல் சரி சொல்ல மாட்டார்கள். பவித்ராவின் அப்பா செல்லமுத்து, மச்சானைக் கூட்டிக்கொண்டு, தீவனம் ஏற்றும் குட்டியானை வண்டியிலேயே விடியற்காலையில் கிளம்பிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறுக்கே விழுந்து தடுத்திருப்பேன்.

ஏனென்றால் அது பறவை நோய் ஆய்வகம். கோழி, கோழி வளர்க்கும் ஆள், அந்த ஆளின் செருப்பு, எதுவும் கிட்டே போகக் கூடாது. இந்த மனுஷனோ யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. எங்கள் பக்கத்தில் நிறைந்த கை என்றால் அதில் முட்டைத் தட்டு இருக்கும். செக்யூரிட்டி வண்டியை நிறுத்தி, பண்ணையிலிருந்தா வருகிறீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டிருக்கிறார். இவர் பெருமையாக, ஆமாங்க, நேராப் பண்ணையில இருந்துதான் வாரோம், இன்னைக்குப் போட்ட முட்டைங்க, லேப் அம்மாவுக்குக் குடுத்துருங்க என்று தட்டை நீட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு விசிலடித்ததும், வண்டி, ஆள், மச்சான் எல்லார் மேலும் மருந்து தெளித்ததும் தனிக் கதை. வகுப்பில் இருந்த எனக்குப் போன் வந்தது. பவித்ரா கதை முடிந்தது என்றே நினைத்தேன். அந்த விஞ்ஞானி கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் சொன்னார்: "வைரஸ் உள்ளே வரக் கூடாதுன்னு நாங்க ராத்திரி பகலா காவல் காக்கறோம் மேடம், உங்க ஆளு அதுக்கு வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கார்!"

ஆனியில் தாண்டிய வாசற்படி

நல்லவேளை, இடத்தை அவர் பறிக்கவில்லை. கண்டிப்பான நிபந்தனை ஒன்று மட்டும் போட்டார். பண்ணை வீட்டைவிட்டு வெளியே வந்து இரண்டு வாரம் கோழிக் காற்றே படாமல் இருந்துவிட்டுத்தான் பவித்ரா வேலைக்குச் சேர வேண்டும். சேர வேண்டிய தேதியைச் சொன்னார். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாராம். காலண்டரைப் புரட்டினேன். ஆடி பிறந்து மூன்றாம் நாள்!

நினைத்தபடியே செல்லமுத்து ஒரே பிடியாக நின்றார். "ஆடியில புள்ளய ஊட்ட உட்டு அனுப்ப மாட்டமுங்க டீச்சர். ஆவணியில சேத்துக்கச் சொல்லுங்க." ஆய்வகத்துக்கு ஆடியாவது ஆவணியாவது? பவித்ரா போனில் அழுதாள். "அப்ப பள்ளிக்கூடத்துக்குத்தான் போகோணுமுங்களா மேடம்?" அன்றைக்கு நான் மாதாவிடம் முறையிடவில்லை, நேராகச் சண்டையே போட்டேன். மறுநாள் பஸ்ஸில் வரும்போது சட்டென்று ஒரு யோசனை. செல்லமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "பயணத்துக்கு எந்த வாசப்படி கணக்குங்க? உங்க வீட்டு வாசப்படியா, லேப் வாசப்படியா?" எங்க ஊட்டு வாசப்படிதானுங்க, அதிலென்ன சந்தேகம் என்றார். "அப்ப அதை ஆனியிலேயே தாண்டட்டும். நல்ல நாளா பார்த்து என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்க. இரண்டு வாரம் எங்களோட இருந்துட்டு அங்கிருந்து போகட்டும்." அவர் மச்சானைக் கேட்டார், மச்சான் ஜோசியரைக் கேட்டார், ஜோசியர் தாராளமாக அனுப்பலாம் என்றுவிட்டார். ஆனி மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை. தேங்காய் உடைத்து, குளிக்க வைத்து, புதுத் துணி உடுத்த வைத்து என் வீட்டு வாசலில் மகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பாவுக்குச் சகுனம் சரி, ஆய்வகத்துக்குத் தனிமை சரி. அவர் காரணத்தை இவரிடமோ இவர் காரணத்தை அவரிடமோ நான் மூச்சுவிடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தால், கூடத்தில் கீச்கீச்சென்று சத்தம். என் வீட்டுக்காரர் உயிராக வளர்க்கும் லவ் பேர்ட்ஸ்! அன்றைக்கே கூண்டைத் தூக்கி நாத்தனார் வீட்டுக்கு அனுப்பி, கூடத்தை டெட்டால் போட்டுக் கழுவினேன். கூண்டு ஆட்டோவில் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு இன்டர்ன்ஷிப், என் பறவைக்கு ஹாஸ்டலா?"

சத்தமில்லாத ஷெட்

பவித்ரா அங்கே வெளுத்துக் கட்டினாள். அவர்கள் ஷெட்டுக்கு வந்தது எந்த நோயாக இருக்கக்கூடும் என்று தீபாவளிக்கு என் வீட்டில் உட்கார்ந்து எனக்கே படம் போட்டு விளக்கினாள். ஊருக்கு மட்டும் போக முடியவில்லை, கோழி இருக்கிறதே. பொங்கல் கழிந்து, ஆறு மாதம் ஏழு மாதமாக நீண்டு முடியப்போகும்போது விஞ்ஞானி அவளைக் கூப்பிட்டு, உதவித்தொகையோடு இங்கேயே பிஎச்.டி. சேருகிறாயா என்று கேட்டார். நான் ஸ்டாஃப் ரூமில் விசிலடிக்காத குறை. அவள்தான் தயங்கினாள். "இன்னும் நாலஞ்சு வருசம் ஊட்டுப் பக்கமே போக முடியாதுங்களே மேடம். நான் ஒரே புள்ள. வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா?" அடிப் பாவி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதற்காகவா விடுவது? அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். எப்படி ஆரம்பிப்பது, அவர் மறுத்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன்.

பண்ணைக்குள் நுழைந்தேன். ஒரு சத்தமில்லை. கூண்டுகள் காலி, ஷெட் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மறுபடியும் நோயா என்று பதறிக் கேட்டேன். செல்லமுத்து பதறவில்லை. "நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். எல்லாத்தையும் கறிக்குக் கழிவுக் கோழியா வித்துப்போட்டனுங்க. புதுக் குஞ்சு எறக்கல. கேட்டுல இருக்கற செக்யூரிட்டி இப்ப நமக்குப் பழக்கமுங்க. பாப்பாவ மேல படிக்க அங்கயே வெச்சுக்குவாங்க போல, ஊட்டுல கோழி இருந்தா லீவுக்குக்கூட வர முடியாதுன்னு அவருதான் சொன்னாரு. பொங்கலுக்கு அவ இல்லாம எங்கூட்டுக்காரி பானையே வெக்கலீங்க" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, நான் அதை மறைக்கவும் இல்லை. கிளம்பும்போது பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தவர், பஸ் தெரிந்ததும்தான் கேட்க வந்ததைக் கேட்டார்: "ஷெட்டு சும்மாக் கெடக்குது, ஆடு வாங்கிக் கட்டலாம்னு இருக்கறனுங்க. லேப்புல அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க டீச்சர், ஆட்டுக்கு ஏதாச்சும் சட்டம் இருந்தா அதையும் வேண்டாம்னு உட்டர்றேன்."

மாணவிக்கு ஒரு ஆய்வகம் தேடிக் கொடுத்தால் போதும் என்றுதான் முதல்வர் என்னிடம் சொன்னார், அவள் அப்பாவுக்கு எந்தப் பிராணி ஒத்துவரும் என்று விஞ்ஞானிக்கு மெயில் எழுதும் வேலையும் இதில் சேர்த்தி என்று ஒருவரும் சொல்லவில்லை.