மதினியின் சோப்பு டப்பா

எங்கள் தாராவி வீட்டுக் குழாய்க்கு மேலே ஓர் ஆணியில், மூடி போட்ட நீலச் சோப்பு டப்பா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒருநாளும் சோப்பு இருந்ததில்லை. உல்லாஸ்நகரிலிருந்து வந்திருந்த சித்தி முகம் கழுவப் போனவள், அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சூடு பட்டவள்போல மூடினாள். உள்ளே இருந்தது மதினியின் கருத்தடை மாத்திரை அட்டை. என் அண்ணனின் மனைவியைத்தான் மதினி என்கிறேன். மதினி அடுப்பிலிருந்த டீயைக் கிளறியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சோப்பு ஜன்னல்ல இருக்கு சித்தி" என்றாள். அவ்வளவுதான்.

முதல் பிரசவத்தில் மதினியை நாங்கள் இழந்திருப்போம். ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. சயான் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் முடிய அடுத்த பாட்டில் என்று ரத்தம் ஏற்றினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது என் அம்மா. அடுத்த பிள்ளைக்கு மூன்று வருடமாவது போக வேண்டும், அதற்குள் இந்த உடம்பு இன்னொன்றைத் தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பால் குடிக்கும் முதல் மாதங்களில் இந்த மாத்திரை வேண்டாமென்று பொறுத்து, அவள் தவழத் தொடங்கிய பிறகுதான் கொடுத்தார். அதுவும் ரத்தக்கொதிப்பு பார்த்து, ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்றெல்லாம் துருவிக் கேட்ட பிறகு.

அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. "இதத் தின்னா பொறவு வேணும்னாலும் பிள்ள தங்காது" என்று முனகிக்கொண்டே இருந்தாள். எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. மதினி குரலை உயர்த்தவில்லை. "அத்தை, இப்பப் பிள்ள தங்குனா நான் தங்கமாட்டேன்" என்றாள். அம்மா அதற்குப் பிறகு முனகினாலும் மெதுவாகத்தான் முனகினாள்.

தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. எங்கள் சந்தில் யாரும் மறக்க முடியாத நேரம் ஒன்றுதான் உண்டு, விடியற்காலைத் தண்ணீர். குழாய் முதலில் காற்றை இருமும், பிறகு சந்து முழுக்கக் குடங்களின் சத்தம். முதல் குடம் நிறைவதற்குள் மதினி மாத்திரையை விழுங்கியிருப்பாள். கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் விடமாட்டாள். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. சர்க்கரை, குக்கர், நல்ல சேலை எது கேட்டாலும் இரவல் கொடுக்கிறவள், பக்கத்து வீட்டு அக்கா ஓர் அட்டை கேட்டபோது மட்டும் கையை விரித்துவிட்டாள். "எனக்குப் பாத்துத் தந்தது ஒனக்கு எப்படிக்கா சேரும்?" என்று அவளைக் கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு வேறு வழி சொல்லி அனுப்பினார்கள்.

இப்படிக் கெட்டிக்காரியான மதினியையும் மாநகராட்சி கவிழ்த்துவிட்டது. எங்கோ பெரிய குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. டாங்கர் நினைத்த நேரத்தில் வந்தது. பிள்ளையை இடுப்பிலும் குடத்தைத் தலையிலுமாக மதினி அதன் பின்னால் ஓடினாள். நான்காம் நாள் விடியலில் குழாய் இருமியது. ஆணிப் பக்கம் கையை நீட்டி டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நாள் மாத்திரையும் அட்டையிலேயே இருந்தது. குடம் நிறைந்து வழிந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் வழிய விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நானாக இருந்தால் யாரிடமும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். மதினி அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். விட்டவற்றைச் சேர்த்து விழுங்க வேண்டாம், உடனே ஒன்று போட்டுவிட்டு அட்டையைத் தொடரலாம், ஆனால் ஏழு நாள் ஆணுறை இல்லாமல் கூடாது என்றார் அவர். இரண்டாவது வரிசையில் விட்டதால் இது போதுமாம், முதல் வரிசையிலோ மூன்றாவதிலோ விட்டிருந்தால் செய்வது வேறாம். திரும்பி வந்தவள், ஒற்றை அறையில் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணனிடம் சொன்னாள்.

"ஏங்க, நான் மூணு நாள் தவற விட்டுட்டேன். இன்னும் ஏழு நாள் நீங்கதான் பாத்துக்கிடணும். கடையில வாங்கிட்டு வாங்க."

அண்ணனுக்குப் புரை ஏறியது. நான் ரசத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சோற்றைப் பிசைந்த கையோடு மதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரத்தப் பாட்டில்கள்தான் அவள் கண்ணில் தொங்கியிருக்க வேண்டும். அட்டையின் கடைசி வரிசை வந்து, மதினிக்கு மாதவிலக்கும் வந்த பிறகுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை குழாய்க்கு மேலே டப்பாவைக் காணோம். சாமி படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்து அம்மா அதை மாட்டியிருந்தாள். "கார்ப்பரேஷன நம்பாதட்டி. வெளக்கு நான் தெனம் விடியக்காலம் ஏத்துதேன்லா, அப்பப் போடு" என்றாள். அதற்குப் பிறகு மதினி ஒருநாளும் தவற விடவில்லை. தன் உயிருக்காக வெட்கத்தைத் தூக்கிப் போட்ட அந்தத் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். அம்மாவையே மாற்றியதும் அந்தத் துணிச்சல்தான்.

டாக்டரம்மா சம்மதித்த பிறகு மதினி மாத்திரையை நிறுத்தினாள். சில மாதங்களிலேயே உண்டாகி, சேதமில்லாமல் மகன் பிறந்தான். "நிப்பாட்டுன ஒடனே தங்கிட்டுல்லா!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அம்மாதான்.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் தண்ணீர் எப்போதும் வரும், விடிந்ததை எந்தக் குழாயும் இருமிச் சொல்லாது. முதல் பிள்ளை பிறந்து, எனக்கும் மாத்திரை எழுதித் தந்த அன்று மதினி வந்தாள். மூடி சற்று வெடித்த நீல டப்பாவைக் கையில் கொடுத்தாள். சமையலறைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இன்று காலையும் போன் அடித்தது. தாராவி வீட்டிலிருந்து அம்மா. பின்னால் மதினி சிரிக்கிற சத்தம்.

"இங்க வெளக்கு ஏத்தியாச்சு. நீ மாத்திரையப் போட்டியாட்டி?"