பட்டறைக்குள் கால் வைக்காத ராஜாமணி அக்கா

கோர்ட்டு வராந்தாவில் வேறொரு கட்சிக்காரரின் வழக்குக்காகக் காத்திருந்தபோது ராஜாமணி அக்காவின் மகள் கவிதாவின் அழைப்பு வந்தது. "மேடம், அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "கேஸ் இனி என்னங்க ஆகும்? அம்மா அதைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள். அதற்குள் உள்ளே என் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று நீதிபதியின் முன் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

பீளமேட்டில் ராஜாமணி அக்காவிடம் ரவிக்கை தைத்துக்கொண்டவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாராபுரத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் ஆறுமுகம், பாய்லர்களிலும் பம்புகளிலும் கசிவைத் தடுக்க இணைப்புகளில் வைக்கும் கேஸ்கெட் செய்யும் ஒரு பட்டறையில் இருந்தார். அட்டை போலிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை வெட்டுவது அவர் வேலை. மாலையில் வெள்ளைத் தூசு படிந்த காக்கிச் சட்டையோடு வருவார். அக்கா அதை வாசலில் உதறி, ஊறவைத்துத் துவைப்பார். பட்டறை மூடி, ஆறுமுகம் அண்ணன் வாட்ச்மேன் வேலைக்குப் போய், மகள் கவிதாவின் கல்யாணமும் முடிந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்தது, எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்று, மீசோதீலியோமா என்றார் மருத்துவர். ஆஸ்பெஸ்டாஸ் இழை உள்ளே போய்ப் பல வருடம் கழித்து வரும் நோய் அது. "நீங்க எங்கம்மா வேலை பார்த்தீங்க?" என்று அவர் கேட்க, "ஊட்டுலதானுங்க" என்றாராம் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

என்னிடம் வந்தபோது நான் பெரிய நம்பிக்கை எதுவும் தரவில்லை. நோய் தொழிலாளிக்கு என்றால் வழி தெளிவு. இ.எஸ்.ஐ.யில் தொழில்நோய் என்று கோரலாம், இ.எஸ்.ஐ. இல்லாத இடமென்றால் இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். துணி துவைத்த மனைவிக்கு அந்த வழிகள் இல்லை. முதலாளியின் அலட்சியத்தால் வந்த கேடு என்று சிவில் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும். ரொம்ப இழுக்குமே என்றேன்.

"இழுக்கட்டும் கண்ணு. எனக்குத்தான் நேரமில்ல. கேஸுக்கு இருக்குதில்ல?"

அண்ணன் வழக்கே வேண்டாமென்றார். ஊரறிய, தூசைக் கொண்டுவந்தது நான்தான் என்று சாட்சி சொல்ல வேண்டியிருக்குமே என்ற தவிப்பு. என் அலுவலகத்திலேயே, "நாந்தான அம்மணி உன்னக் கொன்னுபோட்டேன்" என்று உடைந்து அழுதார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மொதலாளி அந்தத் தூசுப் பக்கம் வந்தா மூக்கப் பொத்திக்குவாருன்னு நீங்கதான சொன்னீங்க? அவருக்குத் தெரிஞ்சிருக்குது. உங்களுக்கு யாருங்க சொன்னா? பழிய நீங்க வாங்கிக்கிட்டா அவுங்க சும்மா போயிருவாங்க."

மறுநாளே அக்கா அவரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார். அண்ணனின் நுரையீரலிலும் தழும்பு இருந்தது. அவருடைய தொழில்நோய்க் கோரிக்கை தனியாக நடக்கிறது. கூட வேலை செய்த சிலரும் இப்போது பரிசோதனைக்குப் போகிறார்கள் என்றால், அவர்களை வீடு தேடிப் போய்க் கிளப்பியவர் அக்காதான். கோபிச்செட்டிபாளையத்தில் மகன் வீட்டில் இருந்த ஒருவருக்காக மூச்சிரைக்க இரைக்கப் பஸ் ஏறிப் போனார். நான் திட்டினேன். "நீங்க போன்ல சொன்னா அவரு நம்புவாருங்களா? என்னப் பாத்தா நம்புவாரு" என்றார். அவர் அப்போது பாதியாக இளைத்திருந்தார்.

உடல்நிலையைச் சொல்லி, அவர் சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்யக் கோரினோம். வாய்தா தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாகக் கோர்ட்டு நியமித்த வக்கீல் கமிஷனர் வீட்டுக்கே வந்து பதிவு செய்தார். தலையணையில் சாய்ந்தபடி அக்கா பதில் சொன்னார்.

"நீங்க ஒரு நாளாவது அந்தப் பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"போனதில்லீங்க. அதுதான் தெனமும் எங்க ஊட்டுக்கு வந்துச்சுங்க."

உடனே இருமல் பிடித்துக்கொண்டது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று எதிர்த்தரப்பு வக்கீலே தயங்கிக் கேட்டார். அக்கா கையை ஆட்டி மறுத்தார். கடைசிக் கேள்வி முடிந்த பிறகுதான் படுத்தார்.

கவிதாவுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்கிறேன். வழக்கு முடிந்துவிடவில்லை. அந்த நோயே உயிரைப் பறித்தது என்று காட்டினால் வாரிசுகள் தொடர்ந்து நடத்தலாம்; மனுப் போட்டிருக்கிறோம். சாட்சி சொல்ல ஆறுமுகம் அண்ணன் தயாராகிவிட்டார். முதலாளி வீட்டாரோ, மூடிப்போன பட்டறைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். ஜெயிப்போமா என்று அக்கா வீட்டில் கேட்கிறார்கள். தெரியவில்லை.

போன வாரம் இங்கே பீளமேட்டிலேயே ஒரு பழைய ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளைச் சுத்தியலால் உடைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூசு ரோடு வரைக்கும் பறந்தது. வண்டியை நிறுத்தி, தண்ணீர் அடித்து நனைத்து, உடைக்காமல் கழற்றுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள் என்றேன். "ஒரு நாள் வேலைதானுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார் கீழே நின்ற தொழிலாளி.

"இந்தச் சட்டைய ஊட்டுல யாருங்க தொவைப்பாங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

ராஜாமணி அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்வியைத்தான். கேட்டாலும் மனம் ஆறுவதில்லை. கேட்காமல் அப்படியோர் இடத்தைக் கடந்து போகவும் முடியவில்லை.